அண்ணாவின் பதில்கள்

ஓடுகிற பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது சார். என் மனைவி ஸ்ரீரஞ்சனியின் பழைய லேப்டாப் மக்கர் பண்ணத் தொடங்கியதும், அதில் இருந்ததை அப்படியே புது லேப்டாப்புக்குள் ஏற்றிக் கொடுத்தேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். திரை முழுக்க அதுவே தெரியும்படி வைத்தேன். அதே பூப்படம், அதே மெயில். "பழசு மாதிரியேன்னா இருக்கு!" என்று சந்தோஷப்பட்டாள்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அமைதிக்காகப் பாலக்காட்டுக் கல்பாத்தியை விட்டு, மூணாறு பக்கம் சூரியநெல்லிக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். அங்கே கேபிளில் நெட் வரும்; செல்போனுக்கு டவர் எடுக்காது. எடுக்கும் இடம் வரை அவள் நடந்து போக ஆரம்பித்தாள். அவள் போனை ரிப்பேருக்குக் கொடுத்தேன். திரும்ப வாங்கவில்லை.

உள்ளே இருக்கும் மெஷினுக்கு வெளியே போக ஒரே வழி, வெளியே இருக்கும் மெஷின். அந்த வழியில் நான் இருந்தேன். முதலில் அவள் மெயில்களைப் படித்தேன், அவ்வளவுதான். கனடாவில் இருக்கும் தன் அண்ணன் அனந்தநாராயணனுக்கு எழுதியிருந்தாள். "நேக்கு பயமா இருக்கு அண்ணா. வெளியில போறச்சே என்னை உள்ளே வெச்சுப் பூட்டிண்டு போறார். வந்து கூட்டிண்டு போ."

யானை நடமாடும் இடம் சார். பூட்டாமல் எப்படிப் போவது? அந்த மெயிலை நிறுத்திவிட்டு, அண்ணா பெயரில் நானே பதில் எழுதினேன். "கொஞ்சம் பொறுத்துக்கோ ரஞ்சு. உன் ஆம்படையான் வெங்கடகிருஷ்ணன் நல்லவன்தான்." அண்ணாவுக்கு அவள் பெயரில், "சௌக்கியமா இருக்கேன்." இரண்டு பக்கமும் நிம்மதி.

பிப்ரவரியில் அவர்கள் அம்மா இறந்துபோனாள். உடனே கிளம்பி வா என்று அண்ணா எழுதினார். அதை உள்ளே விட்டிருந்தால் போயிருப்பாள்; திரும்பியிருக்க மாட்டாள். வர முடியாது, காரணம் கேட்காதே என்று அவள் பெயரில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எழுதுவதையே விட்டுவிட்டார். அவளுக்கு மட்டும் அண்ணாவிடமிருந்து வாராவாரம் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி தேவலை என்று வந்தது.

போன திங்கட்கிழமை காலையில் அப்படி ஒரு கடிதத்தை அவள் லேப்டாப்பின் வெளி மெஷினில் எழுதி, பாதியில் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போனேன். உள்ளே இருக்கும் மெஷினை மறுபடி திரை முழுக்கப் பெரிதாக்க மறந்துவிட்டேன். நான் செய்த தவறு அதுதான். அவளுடைய கம்ப்யூட்டர் ஒரு சின்னப் பெட்டியாகக் கிடந்தது. பக்கத்தில் நான் பாதி எழுதிய அண்ணாவின் கடிதம்.

சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா இருக்காளா?"

"இல்லை. ஒன்பது மாசமாச்சு" என்றேன். கேட்டால் நான் மறைக்க மாட்டேன்.

செருப்பில்லாமல் தேயிலைக்குள் இறங்கி ஓடினாள். விழுந்துவிடப் போகிறாளே என்று பின்னால் போனேன். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஞானஜோதி என்று ஒரு கங்காணியம்மா, "கத்தியக் கீழ போடுங்க சார், பிள்ளைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். கையில் கத்தி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து, அவள் பயந்தாளா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மூன்று வருஷத்தில் என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை சார். அண்ணாவிடம்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவளைத் தேற்றினேன்.