திரையில் செய்த மாதிரியே

ஆய்வகக் குடுவைகளை நான் யாரிடமும் கழுவக் கொடுப்பதில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இன்றைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன் ஐயா.

என் தங்கை கணவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். டேப்லெட்டில் பாடம் நடத்தினால் பள்ளிப் பிள்ளைகள் அறிவியலை நன்றாகக் கற்கிறார்களா என்பது அவருடைய ஆராய்ச்சி. போன வருடம் என் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்து கெஞ்சினார்.

"மச்சான், உங்க பள்ளிக்கூடம்தான் வேணும். உங்க சோதனை நோட்டையும் குடுங்க. கட்டுரையில என் பேருக்குப் பக்கத்துல உங்க பேரு வரும்."

கொடுத்தேன். வீட்டு மாப்பிள்ளையிடம் எழுதியா வாங்க முடியும்? ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு டேப்லெட், இன்னொரு பிரிவுக்கு நானும் கரும்பலகையும். என் நோட்டில் இருந்த நாற்பது சோதனைகளும் திரையில் ஓடின. விரலால் இழுத்தால் குடுவை சாயும், நிறம் மாறும். அழகாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு பிழை கண்ணில் பட்டது. அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். நோட்டில் அதைச் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன். திரையிலோ, எதை முதலில் ஊற்றினாலும் ஒரு நட்சத்திரம் வந்து 'சபாஷ்' சொன்னது.

அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அவர் இல்லை. மேசையில் ஆய்வறிக்கையின் வரைவு கிடந்தது. என் பெயரைத் தேடினேன், எங்குமே இல்லை. என் சோதனைகள் எல்லாம் அவர் வடிவமைத்தவையாம். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'பலன் குறைந்த பழைய முறையில் கற்பிக்கும் ஆசிரியர்.' நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். வயிறு எரிந்தது ஐயா, இப்போதும் எரிகிறது.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இதோ, இதுதான்.

நிறைவு நாளில் பல்கலைக்கழகக் குழு வந்தது. திரையில் கற்றதைப் பிள்ளைகள் நிஜமாகச் செய்து காட்ட வேண்டும். மாப்பிள்ளை அந்த அமிலச் சோதனையைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். அவரும் குழுவினரும் கல்வியியல் படித்தவர்கள், அமில பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை கொடுத்த பட்டியலில் இருந்ததை நான் எடுத்து வைத்தேன். கண்ணுக்குப் போடும் கவசம் பட்டியலில் இல்லை, அதனால் அலமாரியைத் திறக்கவில்லை.

"பாருங்க மச்சான், இன்னிக்கு அசத்தப் போறாங்க" என்று என் தோளில் தட்டினார்.

பெரியவர்கள் முன்னால் அவர் மூக்கு உடைய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். பிள்ளைகள்மேல் எனக்கு என்ன விரோதம்? சோதனையைச் செய்து காட்ட வந்த பெண்ணை நாங்கள் 'தொணதொணப்பு' என்போம். எதையும் இரண்டு தடவை கேட்காமல் செய்ய மாட்டாள். ஒரு கண் போய்விட்டதாம், இன்னொன்றை நாளைக்குத்தான் சொல்வார்களாம். ஆஸ்பத்திரியில்கூட அவள் என்னைக் குறை சொல்லவில்லை என்றார்கள். நல்ல பெண்.

அமிலக் குடுவைக்கு மேலே தண்ணீரைச் சாய்க்கப் போனவள், நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், திரையில எப்படி ஊத்தினாலும் சரின்னுதான் வந்துச்சு. நிஜத்துல எதை முதல்ல ஊத்தணும்?"

டேப்லெட் பிரிவுக்கு நான் பாடம் சொல்லக்கூடாது என்பது ஆய்வின் விதி. என் வேலைக் காலத்தில் ஒரு விதியைக்கூட நான் மீறியதில்லை.

"திரையில செஞ்ச மாதிரியே செய்ம்மா" என்றேன். "நல்லா குனிஞ்சு, பாத்து ஊத்து."