இருட்டறையில் நோமின் போட்ட விளக்கு

பெயர் யோம் தேஹுன், வயது 30, தொழில் இயற்பியல் முனைவர் பட்ட மாணவர், சொந்த ஊர் சோக்சோ, தற்போது இருப்பது சுன்சியோன் பல்கலைக்கழக விடுதி.

நான் மேற்படி விடுதியில் தங்கிப் படித்து வருகிறேன். கங்நுங் கடற்கரையை ஒட்டிய ஒளியியல் ஆய்வு மையம் ஒன்று நடத்திய குவாண்டம் தொழில்நுட்பச் சர்வதேசக் கோடைப் பள்ளிக்குப் பல நாட்டு மாணவர்களோடு நானும் வந்திருந்தேன். அந்த மையத்தின் இருட்டறையில் விளக்கைப் போட்டு விலையுயர்ந்த கேமராவைக் கெடுத்ததாக மங்கோலிய மாணவி நோமின் மீது மையத்தின் நிர்வாகம் புகார் கொடுத்திருக்கிறது. அது சம்பந்தமாக விசாரிக்க இன்று என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். அழைக்காவிட்டாலும் வந்திருப்பேன்.

எனக்குச் சிறு வயது முதலே சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வேன். கையில் ஒட்டியிருக்கும் சிறு கருவி, சர்க்கரை இறங்கினால் என் கைப்பேசியை அலற வைக்கும். கோடைப் பள்ளியில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், எனக்கு அது ஆகாது.

சம்பவத்தன்று மதியம் நாங்கள் சிலர் மையத்துக்கு எதிரே உள்ள கடைக்குக் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். கடையில் நல்ல கூட்டம். சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பி மேசைக்கு அடியில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். எதிரில் இருந்த நோமின் அதைப் பார்த்துவிட்டார். அவர் தேஜோனில் முதுகலை படித்தவர், எங்கள் மொழியை எங்களைப் போலவே பேசுவார், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். ‘சர்க்கரையா?’ என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அதன் பிறகு கிண்ணம் வந்து நாலு வாய் சாப்பிடுவதற்குள், பயிற்சிக்குப் பொறுப்பான டாக்டர் பியோ வாசலில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டினார். நேரம் தவறினால் கதவைச் சாத்திவிடுகிற மனிதர் அவர். எல்லோரும் எழுந்ததால் நானும் எழுந்தேன்.

நோமின் என் பக்கத்தில் வந்து, “பாதியில எந்திரிக்கிறீங்களே அண்ணா, ஊசி போட்டாச்சுல்ல?” என்றார்.

“நான் என்ன இன்னைக்கு நேத்தா போடறேன்? நீ வா, அவர் கதவச் சாத்திடுவார்” என்று சொல்லிவிட்டு நடந்தேன். பையில் மிட்டாய் இருக்கிறது, போகிற வழியில் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனேன்.

இருட்டறை பற்றி அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். ஒளியை ஒவ்வொரு துகளாக எண்ணுகிற கேமரா அங்கே இருக்கிறது. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது சாதாரண விளக்கு வெளிச்சம் பட்டால் கருகிப் போகும். அதனால் கைப்பேசி, கடிகாரம், பை எல்லாவற்றையும் வெளியே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் கைப்பேசியும் மிட்டாயும் அந்தப் பெட்டிக்குள் போயின. உள்ளே முகத்துக்கு நேரே கையை நீட்டினாலும் தெரியாது என்பதால், நகர்கிறவர் தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது பழக்கம். கேமரா இயங்கும்போது விளக்கைத் தொடக்கூடாது என்பதைப் படிப்பின் முதல் நாளிலிருந்தே எங்கள் மண்டையில் ஏற்றியிருக்கிறார்கள். தீப்பிடித்தால்கூட முதலில் கேமராவை அணைத்துவிட்டு ஓடுகிற ஆட்கள் நாங்கள்.

பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்தது. அதன் பிறகு நடந்ததில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது, மீதியை மற்றவர்கள் சொல்லக் கேட்டேன். டாக்டர் பியோ என் பெயரைக் கூப்பிட்டபோது, வலது மூலையில் இருந்த நான் ‘கதவுப் பக்கம்’ என்று சொல்லிச் சிரித்தேனாம். “என்னடா யோம், நேத்து குடிச்ச சோஜு இன்னும் இறங்கலையா?” என்று அவர் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டபோது நான் பதில் சொல்லவில்லை. ஒரு முக்காலி விழுந்த சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

அதன் பிறகு அத்தனை பேரும் தரையில் மண்டியிட்டுக் கையால் துழாவி என்னைத் தேடியிருக்கிறார்கள். அப்போதும் அவரவர் பெயரையும் இடத்தையும் சொல்லிக்கொண்டேதான் தேடினார்களாம். ஒருவர் “ஒரு ஷூ கையில பட்டுது” என்றார். “யாரோடது?” என்று கேட்டார் இன்னொருவர். அது தன்னுடையது இல்லை என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் நின்றுகொண்டிருந்து வேறொருவர் விழுந்திருந்தால், நானும் அதே தரையில் மண்டியிட்டு என் பெயரைச் சொல்லிக்கொண்டு தவழ்ந்திருப்பேன்.

அப்போது நோமின் பேசியது எனக்கே தூரத்தில் கேட்டது. “சார், அவருக்குச் சர்க்கரை நோய். ஊசி போட்டுட்டுச் சரியாச் சாப்பிடாம வந்திருக்கார். நான் விளக்கப் போடறேன்” என்றார்.

“மூணு நிமிஷம் பொறும்மா, கேமராவ மெதுவா அணைச்சுக்கறேன். சட்டுனு அணைச்சா கெட்டுடும்” என்றார் டாக்டர் பியோ.

“அவர் பதில் சொல்றதையே நிறுத்திட்டார் சார்” என்றார் நோமின். அதன் பிறகு விளக்கு எரிந்தது. மேசைக்கு அடியில் கிடந்த என் முகத்தில் வெளிச்சம் அடித்தது, கணினித் திரை முழுதும் வெள்ளையாகிப் போனது. நோமின் வெளியே ஓடி, பெட்டியில் கைக்குக் கிடைத்த யாருடைய பையையோ திறந்து, சர்க்கரை கலந்த காபித்தூள் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கிழித்து, தண்ணீர்கூட இல்லாமல் என் கன்னத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். பெட்டிக்குள் என் கைப்பேசி அலறிக்கொண்டே இருந்ததாம். அந்தக் காபித்தூளின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது, அதைவிட நல்லதை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் பிழைத்திருப்பது சந்தேகம் என்று மருத்துவர் சொன்னார்.

மறுநாள் டாக்டர் பியோ அரிசிக் கஞ்சி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். “மூணு நிமிஷம்னு சொன்னேன் பாரு, அது இன்னும் என் வாயிலயே நிக்குதுடா” என்றார். புகார் கொடுத்தது நிர்வாகம்தான், அவர் இல்லை. தெரிந்தே உடைமையைக் கெடுத்ததாக வழக்கானால் நோமினின் விசா போகும் என்றும், வரும் மாதம் இங்கே அவர் சேர இருக்கும் ஆய்வு வேலை போகும் என்றும் டாக்டர் பியோதான் எனக்குச் சொன்னார். “இருட்டுல சுவத்தத் தடவறப்போ கை பட்டுடுச்சு, வெளிநாட்டுப் பொண்ணு, கேமரா கருகும்னு தெரியாதுன்னு சொல்லிடு. நானும் அப்படியே சொல்றேன்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதற்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

அன்று மாலை நோமின் வந்தபோது இந்த யோசனையைச் சொன்னேன். அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார், உரிப்பதை நிறுத்திவிட்டார்.

“அந்தக் கேமரா மாதிரி ஒண்ண வெச்சுத்தான் அண்ணா நான் நாலு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். கருகும்னு தெரியாதாம், கை பட்டுடுச்சாம். என்னை என்ன நினைச்சீங்க? அப்படி எழுதிக் கொடுத்தீங்கன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்” என்றார்.

“விசா போயிடும் நோமின்.”

“போனா போகட்டும். சாப்பிடுங்க, ஆரஞ்சு” என்று ஒரு சுளையை நீட்டினார்.

விளக்கைப் போட்டால் கேமரா கெட்டுவிடும் என்பது நோமினுக்குத் தெரியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். நன்றாகத் தெரியும் என்று சொன்னேன். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், தெரிந்ததால்தான் எல்லோரும் தரையில் தவழ்ந்தார்கள். நோமினும் தெரிந்தேதான் போட்டார். தெரியாமல் கை பட்டு எரிந்த விளக்கு என்றால், நான் நன்றி சொல்ல வேண்டியது அந்தச் சுவிட்சுக்கு. நான் உயிரோடு இங்கே உட்கார்ந்திருப்பது இந்தப் பெண் தெரிந்து செய்த காரியத்தால்.

அதிகாரி பேனாவை நிறுத்தி, ‘தெரிந்தே’ என்பதை விட்டுவிடலாமா, நோமினுக்கு அது பாதகமாகலாம் என்று கேட்டார். அவருடைய அக்கறைக்கு நன்றி சொன்னேன். விட வேண்டாம், அதற்கு முன்னால் ‘என் உயிரைக் காப்பாற்ற’ என்று சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எழுதினார்.

இதை அதிகாரி எனக்கு முழுதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாருக்கும் பயந்தோ யார் சொல்லியோ இதைக் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யோம் தேஹுன்