பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

உங்கள் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். இப்படிக் கிறீச்சிடும் ஒன்றின் கீழே உட்கார்ந்து இத்தனை வருடம் வழக்கு விசாரித்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

என் தங்கை அம்பிகாவின் கணவன் பரணி, ஆயுத பூஜையன்று எங்கள் கேசட் கடையில் மின்சாரம் தாக்கி இறந்தான். ஈரத் தரை, ஈரக் கை, விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். பழுது எங்கே என்று தேடுவது என் பிழைப்பு. தேடாமல் எழுதிய முடிவு எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் நானாக வந்தேன்.

கடை அவனும் நானும் சேர்ந்து நடத்தியது. கேட்கும் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுப்போம். எண்பத்தேழில், எங்கள் வாடிக்கையாளர் பேகம்பூர் மெஹராஜ் பாய் சிங்கப்பூரிலிருந்து ஒரு சிடி பிளேயர் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்தார். ஊசி கிடையாது, நாடா கிடையாது. தட்டில் பாட்டு வெறும் எண்களாக இருக்கும். உள்ளே ஒரு சிப் அந்த எண்களை ஒலியாக மாற்றும். அவ்வளவு சுத்தமான ஒலியை திண்டுக்கல் அதுவரை கேட்டதில்லை. கேட்கும் தகுதி இந்த ஊருக்கு இருந்ததா என்பது வேறு விஷயம்.

ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஓர் இரைச்சல் இருந்தது. முதலில் சிப்பைச் சந்தேகித்தேன். அதற்குப் போகும் மின்சாரத்தைச் சுத்தம் செய்தேன், கெபாசிட்டர்களை மாற்றினேன், எண் பகுதிக்கும் ஒலிப் பகுதிக்கும் தனித்தனியாக வயர் இழுத்தேன். இரைச்சல் அசையவில்லை.

பரணிக்கு அது கேட்கவே இல்லை.

"என்ன மச்சான், செத்தவனுக்கு நாடி பாக்குற மாதிரி அதுமேலயே காத வச்சிருக்கீங்க?" என்பான். கடையில் ஆள் இருக்கும்போதுதான் சொல்வான். "சனங்க பாட்டுக் கேக்க வாராங்களா, பாட்டு இல்லாத எடத்தக் கேக்க வாராங்களா?"

மெஹராஜ் சிரிப்பார். "விடுங்க பரணி. சத்தம் அவரு காதுக்குள்ள இருக்கு போல."

"அப்ப அதுலயும் கெபாசிட்டர் மாத்தணும் பாய்."

நானும் சிரித்தேன். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். செவிடன்மேல் யாரும் கோபப்படுவதில்லை.

கடைசியில் கண்டுபிடித்தேன். சிப்பின்மேல் குற்றமே இல்லை. சிடி பிளேயருக்கு ஓர் எர்த் வயர், ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் எர்த் வயர். இரண்டும் பாட்டு வயர் வழியாகச் சேர்ந்து வளையம் போட்டிருந்தன. அந்த வளையத்தில் ஓடியதுதான் இரைச்சலாகக் கேட்டது. சிடி பிளேயரின் எர்த்தைக் கழற்றினேன். நின்றுவிட்டது.

வேறு எந்த மெக்கானிக்கும் அத்தோடு நிறுத்தியிருப்பான். நான் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் கழற்றினேன். அது பழைய பெட்டி. அதன் டிரான்ஸ்ஃபார்மரில் மின்கசிவு இருப்பது எனக்குத் தெரியும். கசிந்தது எர்த் வழியாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தது. கழற்றியபின் டெஸ்டரை இரும்புப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. மறுநாள் ஆயுத பூஜை.

நான் எப்போதும் ரப்பர் செருப்போடுதான் வேலை செய்வேன்.

காலையில் பரணி கடையைக் கழுவிவிட்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தான். மற்ற கடைகளில் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். பாட்டுக் கடையில் சாமிக்குப் பாட்டு ஓட வேண்டும் என்பது அவன் ஏற்படுத்திய வழக்கம். ஓடும் பெட்டிகளைத்தான் துடைப்பான். சந்தனத்தைக் கரைத்துக்கொண்டே, "நீங்க வைக்கிறீங்களா மச்சான், நா வைக்கட்டா?" என்று கேட்டான்.

"நீயே வையி மாப்ள" என்றேன்.

கல்லாவுக்கு வைத்தான். ஸ்க்ரூ டிரைவர்களுக்கு வைத்தான். என் சால்டரிங் அயனுக்குக்கூட வைத்தான். பிறகு ஆம்ப்ளிஃபயரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஈரத் துணியை அதன்மேல் அழுத்தினான். அவன் கை பெட்டியை விடவில்லை. பாட்டும் நிற்கவில்லை. மெயின் ஸ்விட்ச் என் தோளருகே இருந்தது. பாட்டு முடிந்ததும் அணைத்தேன்.

மின்வாரிய வயர்மேன் சோதிக்க வருவதற்குள் இரண்டு எர்த்தையும் பழையபடி மாட்டிவிட்டேன். மாட்டாமல் விட்டிருந்தாலும் அவர் பார்த்திருக்கப் போவதில்லை.

இரைச்சலுக்காகத்தான் செய்தேன். நீங்கள் எழுத வேண்டியது அதைத்தான். அந்த ஒலியின் அருமை தெரியாத ஒருவன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இளித்துக்கொண்டிருப்பதை எவ்வளவு காலம் பொறுப்பது?

போன வாரம் அம்பிகா கடைக்கு வந்தாள். பரணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டு முடிந்தது.

"என்னண்ணே, கொர்ருனு ஏதோ சத்தம் வருது?"

ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது. எர்த்தை மாட்டிய நாளிலிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்மா" என்றேன்.