குழையைக் கீழே வைக்கும்வரை

அன்று வடகரைத் தோப்பு வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி மாரித்தாய், மகன் மாரிராஜ், மருமகள் ஸ்வாதி, என் தம்பி பாண்டித்துரை, தம்பி மனைவி சொக்கம்மாள், அவர்கள் மகன் அருண்பாண்டி. வேறு யாரும் இல்லை. மதியம் கறிக்குழம்பு. சாரல் விழுந்துகொண்டிருந்ததால் நல்ல பசி. எல்லோரும் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.

என்னை உட்காரச் சொன்னீர்கள். வேண்டாம், நின்றே சொல்கிறேன். எங்கள் குடும்பத்திலும் இதே காக்கியைப் போட்டவர்கள் உண்டு. என் தகப்பனார் போட்டார். என் மகன் பட்டாளத்தில் இருக்கிறான். நம்பிராஜன் வீடு என்று மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

அன்று எல்லோரையும் தோப்புக்கு வரச் சொன்னது நான்தான். ஒரே காரில் போனோம். ஓட்டியது மாரிராஜ். அதற்கு முந்தின வாரம் குற்றாலம் ரோட்டில் பழ வியாபாரி முஃபீத்தை இடித்ததும் அதே கார்தான். அப்போதும் ஓட்டியது அவன்தான். அவன் குடித்திருந்தான். பக்கத்து இருக்கையில் அருண்பாண்டி இருந்தான். வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டார்கள். முன்விளக்கை வெளியூரில் மாற்றிக்கொண்டோம். அடையாளம் தெரியாத வாகனம் என்று செய்தித்தாளில் வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

முடியவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அருண்பாண்டி சொன்னான்.

"பெரியப்பா, அந்த ஆளு கைய ஆட்டுனாரு. நான் கண்ணாடில பாத்தேன். உயிரோடதான் கெடந்தாரு. நிப்பாட்டுன்னு சொன்னேன், அண்ணன் கேக்கல. நான் கதவத் தொறந்துட்டு எறங்கிருக்கணும். எறங்கல. நாளைக்குக் காலைல ஸ்டேஷனுக்குப் போவேன்."

மாரிராஜ் சிரித்தான். "என்னலே, பேப்பர்ல போட்டோ வரணும்னு பாக்குதியா?"

"சிரிக்காதண்ணே. தூக்கி வண்டில போட்டிருந்தா பிழைச்சிருப்பாரு."

"ஏலே, பெரியப்பா பேச்சக் கேளு" என்றான் பாண்டித்துரை. சொக்கம்மாளும் அதையே சொன்னாள். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். ஸ்வாதி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

நான் கோபப்படவில்லை. பொறுமையாகவே கேட்டேன். அது சீசன் நேரம். குற்றாலத்திலிருந்து தென்காசி வரை வண்டிக்குப் பின்னால் வண்டி. அத்தனை வண்டிக்குள்ளும் மனிதர்கள்தான் இருந்தார்கள். அருவியில் குளித்து, தலை துவட்டி, அல்வாப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனவர்கள். ஒருவனும் இறங்கவில்லை. இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு பேரும் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினார்கள். ஊருக்கே இல்லாத நியாயம் என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் எதற்கு? சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுப்பதற்கு நியாயம் என்று யார் பெயர் வைத்தது?

"அவங்க யாரும் இடிக்கலையே பெரியப்பா" என்றான்.

என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. நான் எழுந்து கை கழுவப் போனேன். அவன் வெளியே போனான். களத்தில் உரிக்காத தேங்காய் குவிந்து கிடந்தது. வீட்டுக்கு நாலு காய் எடுக்கலாம் என்று குவியலுக்குள் கையை விட்டிருக்கிறான்.

பாம்பை நான் ஏவவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு. மழைக்கு ஒதுங்கிக் கிடந்தது. மணிக்கட்டில் இரண்டு பல்.

பாண்டித்துரை அவனைத் தாங்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். அதில் ஆச்சரியமில்லை. விஷக்கடிக்குப் பார்ப்பது எங்கள் வீட்டுக் கொடை. என் பாட்டனார், தகப்பனார், அடுத்து நான். வேப்பங்குழைக் கொத்தால் தலையிலிருந்து கடிவாய் வரை தடவி மந்திரம் சொல்லி விஷத்தை இறக்குவோம். செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து மலையாளத்து ஆட்களும் தேடி வந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு கட்டு உண்டு. குழை கையில் இருக்கும்வரை அந்த இடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் விழுந்தாலும் இறங்கிய விஷம் திரும்பத் தலைக்கு ஏறிவிடும். பார்ப்பவர் குழையைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சு.

இன்னொன்றும் உண்டு. அது வெளியில் தெரியாது, வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும். சீக்கிரம் முடித்து, குழையை வைத்த கையோடு, "கெளம்பு, ஊசி போட்டுட்டு வா" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவோம். என் தகப்பனார் அப்படித்தான் செய்தார். சாமிக்கும் மரியாதை, டாக்டருக்கும் மரியாதை என்பார். இத்தனை வருடமாக நானும் அப்படித்தான் செய்துவந்தேன். என் கையில் யாரும் சாகவில்லை.

அன்றும் பாய் விரிக்கச் சொன்னேன். செல்போன் சத்தம் கூடாது என்று எல்லோருடைய போனையும் அணைத்து, தாம்பாளத்தில் வைத்து, என் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன். கார்ச் சாவியை மாரிராஜிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். குழையை எடுத்தேன்.

அதைக் கீழே வைக்கவில்லை. நான் செய்தது அவ்வளவுதான்.

வழக்கமாக முடிக்கும் நேரம் தாண்டியது. சொக்கம்மாள் என்னைப் பார்த்தாள். வாயில் முந்தானையை அடைத்திருந்தாள். வெளியே நின்ற காரைக் கையால் காட்டினாள். பொறு என்று ஒரு விரலைக் காட்டினேன். பொறுத்தாள். பாண்டித்துரை சுவரைப் பார்த்து நின்றான். என் மகன் தரையைப் பார்த்தான். மாரித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

அருண்பாண்டியின் இமைகள் தாழ்ந்தன. வாயோரம் எச்சில் வழிந்தது. கையைத் தூக்கி என் சட்டைப் பையின் மேல் வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் கையை மெதுவாக எடுத்துப் பாயில் வைத்தேன்.

அப்போது ஸ்வாதி பேசினாள்.

"மாமா, போதும். குழையக் கீழ வையுங்க. கொழுந்தனுக்குக் கண்ணு சொருகுது."

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை. "ஏட்டி, வாயப் பொத்து! வெஷம் ஏறிரும்" என்று மாரித்தாய் சீறினாள். சொக்கம்மாள் ஸ்வாதியின் காலில் விழுந்து, பேசாதே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்றவள் கும்பிட்டாள், சார். மகன் பிழைக்க வேண்டும் என்று கும்பிட்டாள்.

ஸ்வாதி தன் புருஷனைப் பார்த்தாள். "நீங்க ராணுவம்தான? ஒருத்தர ரோட்டுல விட்டுட்டு வந்திய. இவரையும் விடப் போறியளா?"

மாரிராஜ் நிமிரவில்லை. அவள் தாம்பாளத்துக்குக் கை நீட்டினாள். நான் அதை மடிக்கு இழுத்துக்கொண்டேன். அவள் செருப்புக்கூடப் போடாமல் மழையில் ரோட்டை நோக்கி ஓடினாள். பாண்டிராஜ் என்பவரின் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது, பையனுக்கு மூச்சு நின்றிருந்தது. அதன் பிறகே குழையை வைத்தேன்.

குத்துக்கல்வலசையில் வாடகை வீட்டில் வளர்ந்த பெண். ஒரு குடும்பத்தின் பெயர் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. முஃபீத் விஷயத்தையும் அவள் உங்களிடம் சொல்லிவிட்டாள். சொந்தப் புருஷனையே கொடுத்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வந்தவள்.

என் கோபம் மற்றவர்கள்மேல். இன்று உங்கள் முன்னால் அழுகிறார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அண்ணாச்சியை நம்பினோம் என்கிறார்கள். எப்போதும் எவ்வளவு நேரத்தில் முடிப்பேன் என்று தெரியாதா? சாவி எந்தப் பையில் என்று தெரியாதா? என் தம்பிக்கு என்னைவிட வயது குறைவு, உடம்பில் பலம் அதிகம். எட்டிப் பிடித்திருந்தால் என் கை நின்றிருக்கும். எங்கள் ரத்தத்தில் ஒருவர், ஒரே ஒருவர், "அண்ணே, போதும்" என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே சாவியைக் கொடுத்திருப்பேன். நான் கல் இல்லை. யாரும் கேட்கவில்லை. ஸ்வாதி கேட்டதைக் கணக்கில் எடுக்க முடியாது.

அவர்களைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்கிறீர்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் பார்த்திருக்க அவன் செத்தான். கடைசிவரை சும்மா இருந்தவர்களில் நான் ஒருவன் மட்டும் இங்கே நிற்கிறேன்.

நானாக இங்கே வந்ததற்குக் காரணம் கேட்டீர்கள். தென்காசிச் சந்தையில் ஒரு பேச்சு நடக்கிறது. நம்பிராஜனுக்கு வயதாகிவிட்டது, சொந்தத் தம்பி மகனுக்கே மந்திரம் பலிக்கவில்லை, அந்த வீட்டுக் கொடை போய்விட்டது என்று. வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்களே வாசலைத் தாண்டியதும் அதைப் பேசுகிறார்கள்.

அது பொய். எங்கள் வீட்டு மந்திரம் இதுவரை தோற்றதில்லை. அன்று நான் அதைச் சொல்லவே இல்லை. உதட்டை மட்டும்தான் அசைத்தேன்.