அம்மா சொன்னது ‘மரத்துப்போச்சு’

ஐயா, விசாரணையில் வாயால் சொல்லச் சொன்னீர்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

பெயரும் முகவரியும் மனுவில் உள்ளபடி. வயது இருபத்திரண்டு. பட்டதாரி, வேலை தேடுகிறேன். அம்மா தையல்காரர். வீட்டு முன்னறையில்தான் அவருடைய மெஷின் இருக்கிறது.

துணி உலர்த்தப் போன அம்மா மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் வலது முன்கை எலும்பு முறிந்தது. அதன் பிறகு பக்கத்துத் தெரு கிளினிக்கில் டாக்டர் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டு, அங்கேயே படுக்க வைத்தார். அதன் பிறகு வலி கூடி, அம்மா தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நர்ஸ் ஊசி போட்டார். வலி குறையவில்லை. விரல்கள் வீங்கி நிறம் மாறின.

“கத்தரிக்கா மாதிரி இருக்குடி. காம்பைக் கிள்ளிட்டா சமைச்சிடலாம்” என்றார் அம்மா. நான் சிரித்தேன்.

அதன் பிறகு அவர் அமைதியானார். “மரத்துப்போச்சுடி” என்றார். தொட்டேன். விரல்கள் சில்லென்று இருந்தன. நர்ஸிடம் போய், “அக்கா, அம்மாவுக்குக் கை மரத்துப்போச்சாம்” என்றேன்.

“நல்லதுதானே. ஊசி கேட்டிருச்சு. அதுக்குத்தானே போட்டோம்.”

“விரல் அசையலைக்கா.”

“கட்டுப் போட்ட கை அசைஞ்சா அப்புறம் கட்டு எதுக்கு? படிச்ச பொண்ணு, நீயே தொட்டதுக்கெல்லாம் ஓடி வந்தா எப்படிம்மா?”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அம்மா தூங்கினார்.

மறுநாள் விரல்கள் வெளிறியிருந்ததால் மாமா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே கட்டை வெட்டிப் பிரித்தார்கள். இறுகிய கட்டுக்குள் கை வீங்கி, நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கிவிட்டன என்றும், வலி நின்றது ஊசியால் அல்ல, நரம்பு செத்துக்கொண்டிருந்ததால் என்றும் அந்த டாக்டர் சொன்னார். மரத்த உடனே கட்டைப் பிளந்திருந்தால் கை பிழைத்திருக்கும் என்றார்.

இப்போது விரல்கள் மடங்கியே இருக்கின்றன. போன வாரம் இஸ்திரிப் பெட்டி பட்டு விரலில் தோல் கருகியது. வாடை வந்த பிறகுதான் அம்மா திரும்பிப் பார்த்தார்.

வலி இல்லை என்றுதான் நோயாளி சொன்னார் என்று கிளினிக் தரப்பில் கூறியிருப்பதை நேற்று வாசித்துக் காட்டினீர்கள். அம்மா அப்படிச் சொல்லவில்லை.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும். எதையும் கூட்டவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நீங்கள் நல்ல தமிழில் திருத்தி எழுதுவீர்கள் என்று உங்கள் அலுவலக எழுத்தர் சொன்னார். மற்றதை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள் ஐயா. ‘மரத்துப்போச்சு’ என்பதை மட்டும் ‘வலி இல்லை’ என்று மாற்றிவிடாதீர்கள்.

(ஒப்பம்)
தையல்காரரின் மகள்