கொழுந்துக்கு அனுப்பிய சான்றிதழ்

அனுப்புநர் முகவரி எழுதாமல் நான் ஒரு கடிதமும் அனுப்பியதில்லை. மதுரம், ஆசிரியை (ஓய்வு), 14, வடகரை, மன்னார்குடி என்று முழுதாக எழுதிவிடுவேன். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். எதிலும் ஒழுங்கு வேண்டும் எனக்கு. இன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கத்தான் வந்தேன். நீங்கள் முதலிலிருந்து கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் ஒரு கதைத் தளத்தில் எழுதி வந்தேன். கூத்தாநல்லூர் ஃபாஜில் துபாயில் இருந்துகொண்டு நடத்துவது. மலேசியா, இலங்கை, கனடா என்று எங்கிருந்தெல்லாமோ எழுதுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நாட்டுக் கொடி இருக்கும். திங்கட்கிழமைதோறும் ஓட்டு. குடவாசலிலிருந்து ஒரத்தநாடு வரை நம் பக்கத்து வாசகர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வைத்திருந்தேன். "நம்ம கொடியப் பாத்துப் போடுங்க" என்று ஞாயிற்றுக்கிழமையே செய்தி போய்விடும். கதையைப் படிக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தியதில்லை. முதல் மூன்று வருடமும் ஆண்டுப் பரிசு எனக்குத்தான் வந்தது.

நான்காம் வருடம் 'கொழுந்து' என்ற புனைபெயரில் ஒருத்தி வந்தாள். இலங்கைக் கொடி. தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் தொடர்கதை. அதில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பள்ளத்தில் பிணமாகக் கிடக்கிறாள். வழுக்கி விழுந்தாள் என்று தோட்டத்து ஆபீசில் எழுதி முடித்துவிடுகிறார்கள். மேற்பார்வையாளர் தள்ளிவிட்டதை இன்னொருத்தி பார்த்திருக்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. என் குழுவில் இருந்தவர்களே அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள். ஒரத்தநாட்டு வாசகர் கல்யாணம் எனக்கே ஃபோன் செய்து, "டீச்சர், அடுத்த பாகம் எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கவில்லை.

தளத்தில் நான் மட்டுறுத்துனர். எது வெளிவரலாம், எது கூடாது என்று பார்ப்பவள். வெளிநாட்டுக்காரர்கள் அடையாள அட்டையும் வீட்டு முகவரியும் தர வேண்டும் என்று ஒரு விதி கொண்டுவந்தேன்.

"நம்ம ஆளுங்ககிட்ட மட்டும் கேக்கலையே டீச்சர்?" என்றார் ஃபாஜில்.

நம் ஆட்களை நமக்குத் தெரியும் என்றேன். அன்றே விதியைத் தளத்தில் போட்டுவிட்டார்.

அவள் அனுப்பிவிட்டாள். தவமணி என்று பெயர். கூடவே ஒரு செய்தி: "அக்கா, நீங்க கேட்டதால குடுக்குறேன். இது கதை இல்ல, நான் பாத்தது. தெரிஞ்சா என்னை உசுரோட விட மாட்டாங்க. எங்க தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், பிரிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. தயவுசெஞ்சு ஒண்ணும் அனுப்பிறாதீங்க. எங்க பூர்வீகமும் ஒரத்தநாடு பக்கம்தான்க்கா." நாலு தலைமுறைக்கு முந்திய கதை. கொடி என்னவோ அந்தக் கொடிதான்.

ஆண்டுப் பரிசு ஓட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. அவள்தான் முன்னால் இருந்தாள். சிறந்த புதுமுகம் என்று ஒரு சான்றிதழ் அச்சடித்து, அதோடு அவள் கதை முழுவதையும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறையின் மேல் தவமணி என்று எழுதி, பக்கத்திலேயே 'கொழுந்து' என்றும் எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று இரண்டாவது உறையில் திருப்பி எழுதினேன்.

கடைசி பாகம் வரவில்லை. பரிசு எனக்கு வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு விசாரிக்கலாமா டீச்சர்?" என்றார் ஃபாஜில். அந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான், பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை பகலில் கொழுந்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. சந்தோஷப்பட்டேன், நம்புங்கள். அன்றிலிருந்து என் கதைகளை அந்தக் கணக்கு ஒவ்வொன்றாகப் படிக்கிறது. யார் படிக்கிறார்கள் என்று தளம் காட்டும். எந்தக் கதைக்கும் கருத்து எழுதவில்லை. நேற்று மதியம் செய்தி வந்தது: "சான்றிதழ் கெடைச்சுது டீச்சர். வடகரை, பதினாலாம் நம்பர். தனியாவா இருக்கீங்க?"

அவள் என்னை ஒருநாளும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அக்கா என்றுதான் எழுதுவாள்.

வீட்டுக்கு எதிரே இருக்கும் குளத்தைப் பார்த்த ஜன்னலைச் சாத்திவிட்டேன். பால்காரர் மணி அடித்தாலும் கதவைத் திறப்பதில்லை. எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது.

பிரித்துப் பார்ப்பார்கள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன். கொஞ்சம் மிரட்டுவார்கள், எழுதுவதை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை. ஆண்டுப் பரிசு ஓட்டைத்தான் நினைத்தேன்.

அது கிடக்கட்டும். நம் நாட்டுப் பெண் ஒருத்தியை யாரோ வெளிநாட்டுக்காரன் மிரட்டுகிறான். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். என் பெயரும் முகவரியும் யார் கையிலும் போய்விடக் கூடாது.