மச்சினன் தொங்கவிட்ட சிவப்பு அட்டை

மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணது என் மச்சினன்தான் தம்பி. அதை மொதல்லயே சொல்லிடுறேன். பின்னால ஆளாளுக்கு ஒரு கதை சொல்வாங்க. அவன் அக்காவைக் கட்டினவன் நான். இந்தச் சாரம் கட்டுற வேலைக்கு அவனைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததும் நான்தான். இன்னிக்கு அவன் மேற்பார்வை, நான் அவன்கீழ ஆளு. அதுகூடப் போகட்டும். நேத்து அத்தனை பேர் பாக்க, நான் கட்டின சாரத்துல கொண்டாந்து சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டான் பாருங்க...

சாரம் உங்க சன்னலை ஒட்டி நிக்குதுன்னு சன்னலைச் சாத்தாதீங்க. தூசு வரும், ஒத்துக்கறேன். கொஞ்ச நேரந்தான். நான் என்ன உள்ளயா வரப்போறேன், இவ்வளவு நெருக்கமா கம்பி போட்டு வெச்சிருக்கீங்களே. பூனை நுழையாது. திருடனுக்காகப் போட்டது, இப்ப நல்ல மனுசனுக்கும் வழி இல்லாமப் போச்சு.

நீங்க கம்ப்யூட்டர்ல உங்க வேலையப் பாருங்க. நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்.

சிவப்பு அட்டைன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? பச்சை தொங்கினா சாரம் நல்லா இருக்கு, ஏறலாம்னு அர்த்தம். சிவப்பு தொங்கினா ஒருத்தனும் கால் வைக்கக்கூடாது. அதாவது, கட்டினவனுக்கு வேலை தெரியாதுன்னு ஊருக்கே போர்டு போட்ட மாதிரி. பெயிண்ட் அடிக்க வந்த பசங்க எல்லாம் கீழ நின்னு அண்ணாந்து பாக்குறானுங்க. ஒருத்தன் கேக்குறான், "என்ன பெரியவரே, மாட்டிக்கிட்டீங்களா"ன்னு. எப்படி இருக்கும் எனக்கு?

நீங்களே பாருங்க, என்ன கொறை இதுல? கால் ஒவ்வொண்ணுக்கும் அடியில பலகை, பலகை மேல தகடு. மண்ணு எவ்வளவு எளகினாலும் எறங்காது. மாடிக்கு மாடி சுவத்தோட சேத்து இழுத்துக் கட்டியிருக்கேன். நிக்கிற பலகையை ரெண்டு முனையிலயும் கட்டியிருக்கேன், ஒரு பக்கம் மிதிச்சா மறுபக்கம் தூக்காது. இதுல ஒண்ணையாவது பாத்து வாயத் தெறந்து சொன்னானா? நேரா மேல வந்தான். "மாமா, இந்தத் தட்டுல இடுப்பு உயரக் கைப்பிடிக் குழாய் எங்க?" அவ்வளவுதான் கேட்டான். மாட்டிட்டான் அட்டைய.

ஒரே ஒரு குழாய் தம்பி. ஒரு குழாய்க்கு.

இன்னிக்கு மறுபடியும் பாக்க வர்றேன்னிருக்கான். இன்னிக்கும் சிவப்புன்னா இனிமே என்னை மேல ஏத்த மாட்டானாம். கீழ உக்காந்து, குழாயைக் குழாயோட முடுக்குற கிளாம்புக்கு எண்ணெய் போட்டுத் தொடைக்கணுமாம். வயசாயிடுச்சாம் எனக்கு. அதையும் மரியாதையாத்தான் சொன்னான். "உங்க நல்லதுக்குத்தான் மாமா"ன்னு. அந்த மாமாங்கிற வார்த்தைதான் எனக்கு ஆகவே மாட்டேங்குது.

என்னது? வேற குழாய் இல்லையான்னா கேக்கறீங்க? ஏன் இல்ல, ஸ்டோர் ரூம்ல அடுக்கி வெச்சிருக்கு. சாவி அவன் இடுப்புல. நான் போய் அவன் முன்னாடி கை கட்டி நின்னு, ஒரு குழாய் குடுப்பான்னு கேக்கணுமா? நேத்துலேருந்து அவன்கிட்ட நான் பேசறதில்ல.

அதான் என் மூளையைப் போட்டு யோசிச்சேன். இதோ, இந்தக் கைப்பிடியைப் பாருங்க. ஆட்டிப் பாக்குறேன், அசையுதா? குழாய் போட்டா ஒண்ணுதான் நிக்கும். இது மேலயும் கீழயும் ரெண்டா நிக்குது. சாஞ்சாலும் விழமாட்டான், குனிஞ்சாலும் விழமாட்டான். கயித்துக் கட்டைப் பாருங்க, ஒவ்வொரு முனையிலயும் மும்மூணு சுத்து. வந்து பாக்கட்டும், வாயடைச்சு நிப்பான்.

நடுவுல படிப்படியா இருக்குதா? ஆமா, இருக்கும். ஏணிதானே அது.

அட, மேல வர்ற ஏணிதான் தம்பி. நான் ஏறி வந்தேன், ஏறினதும் இழுத்து மேல எடுத்தேன், படுக்கப் போட்டுக் கட்டிட்டேன்.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி.

எறங்கறது எப்படின்னுதானே? அதைத்தான் காலைலேருந்து யோசிச்சிட்டிருக்கேன். ஏணியை அவுத்துக் கீழ எறக்கலாம், நானும் எறங்கலாம். அவுத்தா கைப்பிடி போச்சு, அவன் வந்தா சிவப்பு. குழாயைப் புடிச்சுத் தொத்தி எறங்கலாம்னா, அப்படி எறங்கறவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு நேத்துதான் சொன்னான். அப்படிச் சொன்னப்ப என்னைப் பாத்துத்தான் சொன்னான். குதிக்கலாம்னா என் முட்டி ஒத்துக்காது.

தண்ணியா? கம்பி வழியா நீட்டுங்க. நல்லா இருப்பீங்க. நீங்க கீழ போய், அந்தப் பக்கம் பெயிண்ட் பசங்க ஏணி ஒண்ணு இருக்கும், அதை மட்டும் அவனுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்து... ஏன் போனை எடுக்கறீங்க? யார் நம்பர் அது? வாசல் பலகையில புகாருக்குன்னு எழுதியிருந்ததா? தம்பி, அது அவன் நம்பர். வையுங்க. வையுங்க தம்பி.

சொல்லிட்டீங்களா. "பெரியவர் ஒருத்தர் மாட்டிக்கிட்டார்"னே சொல்லிட்டீங்களா.

மொதல்ல இருந்த குழாய் எங்க போச்சுன்னு கேட்டானா? உங்ககிட்டயே கேட்டானா? பாத்தீங்களா அவன் புத்தியை. அவனுக்குத் தெரியும் தம்பி, தெரிஞ்சுக்கிட்டே கேக்குறான். வீட்ல கொல்லைப் பக்கம் துணி காயப்போடுற கயிறு அந்து விழுந்துருச்சு. அவன் அக்கா நாலு நாளா என் உசுர எடுத்தா. சாரத்துலேருந்து ஒரு குழாயைக் கழட்டிட்டுப் போய் மாட்டிக் குடுத்தேன். போர்வை போட்டாலும் வளையல, அவ்வளவு நல்ல குழாய். அவ துணிதானே அதுல காயுது? அவனுக்கு அக்கா இல்லையா அவ? ஞாயித்துக்கிழமை இவன் சாப்பிட வந்தான். கை கழுவக் கொல்லைக்குப் போனான். வந்து உக்காந்து ரெண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டான், ஒரு வார்த்தை பேசல. மறுநாள் நேரா வந்து அட்டைய மாட்டுறான். என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என் கொல்லையை வேவு பாத்திருக்கான். இது துரோகமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

வந்துட்டான். கீழ நிக்கிறான் பாருங்க. ஏணி கொண்டாந்திருக்கான். இன்னொரு கையில என்னது, குழாயா? கொஞ்சம் எட்டிப் பாருங்க தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. குழாய்ல வரிசையா என்னமோ தொங்குதே.

துணிக் கிளிப்பு.

என் கொல்லையிலேருந்து, கிளிப்பைக்கூடக் கழட்டாம வீதி வழியாத் தூக்கிட்டு வந்திருக்கான். பெயிண்ட் பசங்க எல்லாம் பாக்குறானுங்க. வேணும்னேதான் தம்பி.

ஏய், ஏணியைச் சாத்தாதே. நான் எறங்க மாட்டேன். குழாயைக் கயித்துல கட்டி மேல அனுப்பு, நான் மாட்டுறேன், அது வேற விசயம். நேத்து எந்தக் கையால சிவப்பைத் தொங்கவிட்டியோ அந்தக் கையால கழட்டு. இத்தனை பேர் முன்னாடியும், மாமா கட்டின சாரம் நல்ல சாரம்னு சொல்லு. ஒரு வார்த்தை. அது நீ எனக்குத் தரவேண்டிய பாக்கி.

பாருங்க தம்பி, காதுலயே வாங்காம கிளிப்பைக் கழட்டி எண்ணிட்டிருக்கான். தம்பி?

திரையை இழுத்து விட்டுட்டீங்களா. சரி, விடுங்க. தண்ணி குடுத்த டம்ளர் இங்க பலகை மேல இருக்கு, அப்புறமா எடுத்துக்குங்க. நான் இங்கதான் இருப்பேன்.